எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை: எழுதுவதற்கு முன்னும் எழுதிய பின்னும்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கும் மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 26 வயது இளைஞர் ஒருவர் அவரிடம் வந்து, தமக்கு எச்.ஐ.வி. இல்லை என்றும், வராமல் தடுக்கும் ‘பிரெப்’ மாத்திரையை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். எந்தப் பரிசோதனைகளைச் செய்த பிறகு தொடங்குவது, பிறகு எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை எதைப் பார்ப்பது, இவற்றை ஒரு சிறிய கிளினிக்கில் செய்ய முடியுமா என்பது மருத்துவரின் ஐயம்.

செய்ய முடியும். இதற்கென்று தனிச் சிறப்பு மருத்துவர் வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எழுதிப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் எந்த மருத்துவரும் இதைச் செய்யலாம். ஆனால் எந்தப் பரிசோதனை இல்லாமல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, எந்தப் பரிசோதனைக்காக மாத்திரையைத் தள்ளிப் போடக் கூடாது என்ற வேறுபாடு மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தொடங்கும் நாளிலும், ஒவ்வொரு முறை மருந்தைப் புதுப்பிக்கும் நாளிலும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். சிறுநீரகம், கல்லீரல், பாலியல் தொற்றுகள் ஆகியவற்றுக்கான இரத்தத்தை அதே நாளில் எடுத்துவிட்டு, முடிவு வரும் முன்பே மாத்திரையைத் தொடங்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எல்லா முடிவுகளும் வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படும் இளைஞர்களில் பலர் மறுபடி வருவதில்லை.

அந்த ஒரு பரிசோதனை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெப்பாகப் பெரிதும் பயன்படுவது டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடாபின் 200 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. எம்ட்ரிசிடாபினுக்குப் பதிலாக லாமிவுடின் சேர்ந்ததையும் பயன்படுத்தலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆபத்து கணிசமாக உள்ள அனைவருக்கும் இதைத் தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. தொற்று இல்லாதவரைக் காக்க இந்த இரண்டு மருந்துகள் போதும். தொற்று ஏற்கெனவே உள்ளவருக்கு இவை அரைகுறைச் சிகிச்சை. வைரஸ் அடங்காமல் பெருகிக்கொண்டே சில வாரங்களில் மருந்தை எதிர்க்கும் திறனைப் பெற்றுவிடக்கூடும். பிரெப் மாத்திரையைச் சோதித்து 2010-இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் எம்ட்ரிசிடாபினுக்கு எதிர்ப்புத்திறன் காணப்பட்டது, ஆய்வில் சேரும் நாளிலேயே தொற்று இருந்தும் அது கண்டுபிடிக்கப்படாமல் போனவர்களிடம்தான். மாத்திரைப் பிரிவில் இருந்து பின்னர் தொற்றுக்கு ஆளானவர்களிடம் அது காணப்படவில்லை. ஆக, பெரிய தீங்கு நேரக்கூடிய இடம் தொடக்கத்தில்தான் இருக்கிறது.

முடிந்தால் நான்காம் தலைமுறைப் பரிசோதனையைச் செய்யுங்கள். அது வைரஸின் பி24 புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பதால், எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனையைவிடச் சில நாள்கள் முன்னதாகவே தொற்றைக் காட்டும். அது கிடைக்காத ஊரில் விரைவுப் பரிசோதனை போதும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் அது இலவசம், ரகசியமும் காக்கப்படுகிறது. எந்தப் பரிசோதனைக்கும் தொற்று பிடிபடாத ஓர் இடைவெளிக் காலம் உண்டு. அந்த இடைவெளியை நிரப்ப நம்மிடம் இருப்பவை இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: கடந்த 72 மணி நேரத்துக்குள் பாதுகாப்பற்ற உறவோ, ஊசி பகிர்வோ நடந்ததா? நடந்திருந்தால் அவருக்கு அந்த நாளில் வேண்டியது பிரெப் அன்று, ‘பெப்’ எனப்படும் 28 நாள் மருந்து. அதில் மூன்றாவது மருந்து ஒன்றும், இன்று பெரும்பாலும் டொலுடெக்ராவிர், சேரும். அந்த 28 நாள்கள் முடிந்ததும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்றால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் பிரெப்புக்கு மாற்றிவிடலாம். இரண்டாவது கேள்வி: கடந்த நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு, நெறிகட்டுதல், உடல் வலி ஏதேனும் வந்ததா? எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் வரும் அறிகுறிகள் இவைதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெங்கு என்று நினைத்து நாம் அனுப்பிவிடும் காய்ச்சல்களுக்கும் இவற்றுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடே இல்லை. ஆபத்தான தொடர்பும் இத்தகைய காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் இரத்தத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்புங்கள், அது இயலாவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுத்து, மறுபடி பரிசோதித்துத் தொடங்குங்கள். மாத்திரையைத் தள்ளிப் போடுவதற்கு நான் ஏற்கும் காரணங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

யாருக்குத் தருவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்து அவருடைய வைரஸ் அளவு இன்னும் அடங்காதவர்கள், ஆணுறை எப்போதும் பயன்படுத்த இயலாதவர்கள், கடந்த ஆறு மாதத்தில் பாலியல் தொற்று வந்தவர்கள், மறுபடி மறுபடி பெப் கேட்டு வருபவர்கள், ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும். தாமாகவே கேட்டு வருபவர் பெரும்பாலும் தம் ஆபத்தை அறிந்தே வருகிறார். தம் அந்தரங்கத்தை முழுவதும் சொல்லத் தயங்குகிறார் என்பதற்காக மறுக்கக் கூடாது. திருமணமான ஆண்களில் ஆண்களோடும் உறவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். மோதிரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ‘உங்களுக்கு உறவு ஆண்களோடா, பெண்களோடா, இருவரோடுமா?’ என்று எல்லாரிடமும் கேட்பதுபோல் இயல்பாகக் கேட்டால் பதில் வந்துவிடும். கேள்வியின் தொனியில் தீர்ப்பு இருந்தால், அதன் பிறகு கிடைக்கும் எந்தத் தகவலையும் நம்ப முடியாது.

துணைவருக்கு எச்.ஐ.வி. உள்ள தம்பதியரைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சை எடுப்பவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் காட்டிய எச்.பி.டி.என். 052 ஆய்வு நடந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. சிகிச்சையைத் தொடர்ந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் வழி தொற்றுவதில்லை என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகளால் உறுதியாகிவிட்டது. எனவே இத்தகைய தம்பதியரில் தொற்று இல்லாதவருக்கு, மற்றவர் சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதம்வரை, அல்லது வைரஸ் அடங்கியது உறுதியாகும்வரை பிரெப் கொடுத்தால் போதும். குழந்தை வேண்டும் என்று விரும்பும் தம்பதியருக்கு இது பெரிய ஆறுதல். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இந்த மாத்திரையைத் தொடரலாம்.

இனி சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்கினால் கிரியாட்டினின் வெளியேற்ற வீதம் கிடைக்கும். அது நிமிடத்துக்கு 60 மி.லி. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 26 வயது, 60 கிலோ எடை, கிரியாட்டினின் 0.9 உள்ள ஆணுக்கு இது ஏறத்தாழ 105 வரும், கவலையே இல்லை. 52 வயது, 55 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 57 வரும். ஆய்வகத் தாளில் 1.0 என்பதற்கு எதிரே எந்தக் குறியும் இருக்காது. ஆனால் அவருக்கு இந்த மாத்திரை பொருந்தாது. இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. ஜிம்முக்குப் போய்த் தசை வளர்த்து, கிரியேட்டின் பொடி சாப்பிடும் இளைஞருக்குச் சிறுநீரகத்தில் குறை இல்லாமலே கிரியாட்டினின் உயர்ந்து காணப்படும். பொடியைச் சில வாரம் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்க்காமல் பிரெப்பை நிறுத்திவிடாதீர்கள்.

30 வயதுக்குக் கீழ், வேறு நோய் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனாலும் கண்டறியப்படாத சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நம் ஊரில் இவ்வளவு பரவியிருக்கும்போது, அதிகம் செலவில்லாத இந்தப் பரிசோதனையைத் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரு முறை செய்துவிடலாம் என்பதே என் கருத்து. பிறகு 50 வயதுக்குக் கீழ் வீதம் 90-க்கு மேல் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பார்த்தால் போதும். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் தாமே வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றியும், உலோகம் சேர்ந்த நாட்டு மருந்துகளைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். டெனோஃபோவிரோடு இவை சேரும்போது சிறுநீரகத்துக்குப் பாரம் கூடுகிறது. கேட்காமல் யாரும் இவற்றை மருந்து என்று சொல்வதில்லை. எலும்பின் அடர்த்தி ஓரிரு விழுக்காடு குறையலாம். நிறுத்திய பின் மீண்டுவிடும். அதற்காக ஸ்கேன் தேவையில்லை.

ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் பிரெப் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டெனோஃபோவிர் ஹெபடைடிஸ் பி-க்கும் மருந்து. அவரைப் பொறுத்தவரை ஆபத்து மாத்திரையைத் தொடங்குவதில் இல்லை, திடீரென நிறுத்துவதில் இருக்கிறது. அடங்கியிருந்த வைரஸ் மறுபடி கிளர்ந்து கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். அதனால் அவருக்குத் தினசரி மாத்திரை மட்டுமே. தேவைப்படும்போது மட்டும் போடும் முறை வேண்டாம். தொற்றும் இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை என்றால் அன்றே முதல் தடுப்பூசியைப் போட்டு, ஒன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அடுத்த இரண்டையும் போடுங்கள். ஊசி போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் ஹெபடைடிஸ் சி-யையும் பார்க்க வேண்டும். சிபிலிஸுக்கான பரிசோதனையைத் தொடக்கத்திலும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் செய்யுங்கள். கொனோரியா, கிளமிடியா இரண்டும் தொண்டையிலும் மலக்குடலிலும் அறிகுறியே இல்லாமல் இருக்கும். மாவட்ட ஊர்களில் அதற்கான மூலக்கூறு பரிசோதனை எளிதில் கிடைப்பதில்லை என்பதால், குறைந்தது அறிகுறிகளைக் கேட்டு, உரிய இடங்களைப் பரிசோதிக்க வேண்டும். பாலியல் தொற்று வந்தது என்பது மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது. அது இவருக்கு மாத்திரை தேவை என்பதற்கான சான்று.

சாப்பிடும் முறைக்கு வருவோம். எல்லாருக்கும் பொருந்துவது தினம் ஒரு மாத்திரை. உணவோடும் சாப்பிடலாம், உணவின்றியும் சாப்பிடலாம். முதல் சில வாரங்கள் குமட்டல், தலைவலி, வயிற்று உப்புசம் வரலாம், தானாகவே அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிறப்பில் ஆணாக இருந்து, பெண்மைக்கான ஹார்மோன் எடுக்காதவர்களுக்கு மட்டும் இன்னொரு முறை உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரைகள், முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. உறவு தொடர்ந்தால், கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள்கள் வரை தினம் ஒன்று. பிரான்சிலும் கனடாவிலும் நடந்த இபர்கே ஆய்வில் இந்த முறை தொற்றை 86 விழுக்காடு குறைத்தது. பெண்களுக்கும், ஹார்மோன் எடுக்கும் திருநங்கையருக்கும் இதைச் சொல்லக் கூடாது. பெண்ணுறுப்புத் திசுவில் இந்த மருந்து மலக்குடலில் சேரும் அளவுக்குச் சேர்வதில்லை. எனவே அவர்கள் ஏழு நாள் தினமும் சாப்பிட்ட பிறகே பாதுகாப்பைக் கணக்கில் எடுக்கலாம், நாள் தவறாமல் சாப்பிடுவதும் அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் ஆய்வுகளை ஊன்றிப் பார்த்தால், பெரும்பாலும் மாத்திரை சாப்பிடப்படவில்லை என்பதே தெரிகிறது. ஐபிரெக்ஸ் ஆய்வின் மொத்தப் பலன் 44 விழுக்காடுதான். ஆனால் இரத்தத்தில் மருந்து காணப்பட்டவர்களுக்கு ஆபத்து 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடந்த வாய்ஸ் ஆய்வில் பலனே தெரியவில்லை; எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து இருந்தது. அதே கண்டத்தில், துணைவருக்குத் தொற்று இருப்பதை அறிந்த தம்பதியரிடம் கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் பலன் 75 விழுக்காடு. மேற்கு வங்கத்தின் சோனாகாச்சியிலும் கர்நாடகத்தின் மைசூரிலும் பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்புகளே முன்னின்று நடத்திய திட்டங்களில் பெண்கள் மாத்திரையை நன்றாகத் தொடர்ந்தார்கள். யார் கையிலிருந்து மாத்திரை வருகிறது, அதை எங்கே வைத்துச் சாப்பிட முடிகிறது என்பவை மருந்தின் அளவைப் போலவே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகையால் கண்காணிப்பு வருகையில் ‘ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆம் என்பார்கள். ‘கடந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?’ என்று கேளுங்கள். பெற்றோரோடு ஒரே அறையில் இருக்கும் இளைஞருக்கும், மேன்ஷனில் மூவரோடு தங்கியிருப்பவருக்கும் டப்பாவை எங்கே வைப்பது என்பதே முதல் பிரச்சினை. டெனோஃபோவிர் என்ற பெயரை இணையத்தில் தேடினால் எய்ட்ஸ் மருந்து என்றுதான் வரும். மாத்திரைகளை வேறு சிறு டப்பாவில் நன்றாக மூடி, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மருந்துக்கடையில் பெயர் மாறி, மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சை மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் நடக்கக்கூடியதே. முதல் டப்பாவைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

முதல் சீட்டு 30 நாளுக்கு. ஒரு மாதம் கழித்து வரும்போது மறுபடி எச்.ஐ.வி. பரிசோதனை, தொடக்கத்தில் இடைவெளிக் காலத்தில் ஒளிந்திருந்த தொற்று இருந்தால் இப்போது தெரியும். அதன் பிறகு 90 நாளுக்கு ஒரு முறை பரிசோதனையும் சீட்டும். பரிசோதனை இல்லாமல் தொலைபேசியில் சீட்டை நீட்டித்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மறுபடி பரிசோதித்துத் தொடங்குங்கள். விட்டதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆபத்து உள்ள காலத்தில் சாப்பிட்டு, இல்லாத காலத்தில் நிறுத்துவது தவறு அன்று. பரிசோதனைக்குச் சம்மதம் பெறுவதும் முடிவை ரகசியமாகக் காப்பதும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நம் கடமை. உடன் வந்த அண்ணனிடமோ அப்பாவிடமோ முடிவைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எப்போதாவது ஒரு பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், நம்பிக்கை மையத்தில் உறுதிப்படுத்தி, அதே வாரத்தில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மருந்தை மட்டும் தொடர விடக் கூடாது. முழுக் கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு உடனே மாற வேண்டும். அது அங்கே இலவசம். எதிர்ப்புத்திறன் பரிசோதனைக்கு வாய்ப்பிருந்தால் மாதிரியை எடுக்கலாம், அதன் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது.

ஊசி மருந்துகளைப் பற்றியும் இனிக் கேள்விகள் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிட்டத்தில் போடும் கபோடெக்ராவிரை 2022-இலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் லெனகாபாவிரை 2025 ஜூலையிலும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் லெனகாபாவிர் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. இதைக் குறைந்த விலையில் தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் உண்டு. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் என்ற விலை அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் ஒன்றை மறக்கக் கூடாது: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இந்த இரண்டு ஊசி மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். டெனோஃபோவிர் மாத்திரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஊசியை நிறுத்திய பின் மருந்து குறைந்த அளவில் பல மாதங்கள் உடலில் தங்கும். அந்தக் காலத்தில் ஆபத்து தொடர்ந்தால் மாத்திரைக்கு மாற்றுவது அவசியம்.

மாத்திரையை நிறுத்த விரும்புபவரிடம் கடைசியாகப் பாதுகாப்பற்ற உறவு என்று நடந்தது என்று கேளுங்கள். ஹார்மோன் எடுக்காத ஆண்கள் அதன் பின் இரண்டு நாள்களும், மற்ற எல்லாரும் ஏழு நாள்களும் சாப்பிட்டு நிறுத்தலாம். நிறுத்தும் நாளில் எச்.ஐ.வி. பரிசோதனையைச் செய்யுங்கள், ஹெபடைடிஸ் பி உள்ளவரை நிறுத்துவதற்கு முன்பே கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பி, நிறுத்திய பிறகு பல மாதங்கள் கல்லீரல் நொதிகளைப் பார்த்துவர ஏற்பாடு செய்யுங்கள். பின்னொரு நாள் எதிர்பாராத ஆபத்து நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக, பெப் மருந்துக்கு வர வேண்டும் என்பதையும், உங்களை எட்ட முடியாவிட்டால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம் என்பதையும், 1097 என்ற தேசிய உதவி எண்ணையும் அவர் கையில் இருக்கும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.